கேள்வி பதினேழு

முப்பத்தெட்டுக் கேள்விகள்.
ஆம், இல்லை, தெரியாது: மூன்று கட்டங்கள்.
வேலூரில் இந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
போன வருடம்வரை குளுக்கோஸ் பாட்டில் அடுக்கிய அறை.
மேசைவிசிறி படிவத்தைத் தூக்கப் பார்க்கிறது.
ஸ்டேப்ளரை அதன்மேல் வைத்துவிட்டுக்
கேட்க ஆரம்பிக்கிறேன்.

தேசம்மாள். ஐம்பத்து மூன்று.
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ். பீடி சுற்றும் விரல்.
வயிறு உப்பியதை வாயு என்று நம்பி
எட்டு மாதம் ஓமத்தண்ணீர் குடித்தவர்.
சினைப்பை இரண்டையும் ஆடியில் எடுத்தாயிற்று.

பெரியம்மை ஊசி? தழும்பைக் காட்டினார்.
சின்னம்மை? வந்துச்சி, ஆறாவது படிக்கறப்போ.
காமாலை? இல்லை.
பதினான்காவதைக் கேட்குமுன் எழுந்துபோய்க்
கதவைத் தாழிட்டேன், வெளியே மகன் நிற்கிறான்.
வெள்ளைப்படுதல், புண், மரு,
அதற்கு எப்போதாவது வைத்தியம்?

விசிறி இரண்டு முறை போய் வந்தது.
"சொல்லலன்னா இன்னா போடுவே?"
தெரியாதுன்னு போடுவேம்மா.
"தெரியும். சொல்லமாட்டேன்.
அதுக்குக் கட்டம் இல்லியா?"

இல்லை.
படிவம் போட்ட ஏழு பேரில் ஒருவருக்கும்
அது தோன்றவில்லை.

பதினேழு: பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறதா?
வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.
"பொன்னுக்கு வீங்க பொன்னு வேணுமே.
எங்க லைனு முழுக்க ஒரே சங்கிலி.
தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் வூட்டம்மாது, ரெண்டு சவரன்.
எந்தப் புள்ளைக்குத் தாடை வீங்கினாலும்
ஒரு நாளைக்குக் குடுப்பாங்க.
சாயந்திரம் கண்ணியை எண்ணி வாங்கிக்குவாங்க.
எங்க அக்கா போட்டுக்கினு கண்ணாடி பாத்துச்சி.
அது எச்சில் தட்டுலகூட நான் துன்னு பாத்தேன்,
எனக்கு வீங்கவேயில்ல."

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி போட்டேன்.

அந்தக் கேள்வி ஏன் அங்கே இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
சிறுவயதில் தாடை வீங்கியவர்களுக்கு
இந்தப் புற்று கொஞ்சம் குறைவோ என்று
யாரோ எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.
வேறு யாரோ எண்ணி, அப்படியொன்றும் இல்லை என்றார்கள்.
மற்ற கிருமிகள் இதற்கு வழி திறந்தனவா
என்பதும் அப்படித்தான்:
வெட்டியெடுத்த கட்டிகளில் சிலவற்றில் தடயம் கிடைக்கிறது,
பலவற்றில் இல்லை.
கிடைத்ததுகூட, திருடன் போட்ட செருப்பா
வழிப்போக்கன் மறந்துவிட்டதா, தெரியவில்லை.

கேட்பவர் காரணம் சொல்லக் கூடாது.
சொன்னால் ஞாபகம் வளைந்துவிடும் என்று
இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
அதனால் அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார், அறுபத்திரண்டு,
பள்ளிகொண்டாவில் இன்னும் களை எடுக்கிறாள்.

ரத்தம் எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தேன்.
பெயர் போய் எண் வந்தது: 0-2-1-6.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டார்,
"அப்போ இது ஒட்டிக்கினு வந்ததா?
எம் பொண்ணு என் பொடவ கட்டறா."

ஒட்டாதும்மா. புடவையில் இல்லை, தட்டில் இல்லை,
பக்கத்தில் படுத்தால் இல்லை. புற்று ஒட்டாது.
படிவத்தில் இல்லாத இதைச்
சொல்லிவிட்டேன், இரண்டு தரம்.

"அவரு லாரியில நாக்பூர் வரிக்கும் போவாரு.
செத்து ஒம்பது வருசம்.
அவருகிட்டேருந்து எதனா..."

மகன் கதவைத் தட்டினான். மருந்துச் சீட்டு வாங்கணும், வரிசை நீளுது.
அவர் எழுந்திருக்கவில்லை.
பதினான்காம் கேள்விக்கு எதிரே
காலியாக இருந்த கட்டங்களை இருவரும் பார்த்தோம்.

தெரியாதும்மா, என்றேன்.
எங்க யாருக்கும் இன்னும் தெரியாது.

"சரி, அதப் போடு"
என்று சொல்லி, பஸ் காசு நூற்றிருபதை
எண்ணாமல் முந்தியில் முடிந்துகொண்டார்.